மலைக்கோச்சியில் வடை விற்போருக்கு



ரம்புக்கனையில் ஏறிக் கடுகண்ணாவையில் இறங்குவோரும், நாவலப்பிட்டியில் கூடையைத் தலைக்கேற்றி ஹட்டன் வரை பெட்டி பெட்டியாய் நடப்போரும், நானுஓயாவின் குளிரில் தேநீர்க் கேத்தலை மார்போடு அணைத்தபடி வண்டிக்குக் காத்து நிற்போரும், பண்டாரவளையிலும் தெமோதரையிலும் ஜன்னலுக்கு ஜன்னல் ஓடிக் காகிதச் சுருளை மேலே நீட்டுவோருமாகிய உங்கள் அனைவருக்கும், மகாவலி கங்கையின் ஒரு கிளை சமுத்திரத்தைச் சேரும் வெருகலிலிருந்து, பாடசாலைத் தொழிலை விட்டு ஓய்ந்திருக்கும் ஆசிரியன் ஒருவன் வணக்கத்தோடு எழுதிக்கொள்வது. உங்களில் எவருடைய பெயரையும் நான் கேட்டறிந்ததில்லை. ஆனால் உங்கள் கையால் உண்ட பண்டங்களின் சுவை நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக என் நாவில் இருக்கிறது. அந்த உரிமையொன்றைக் கொண்டே இந்த மடலை எழுதத் துணிகின்றேன்.

எழுதவேண்டும் என்ற எண்ணம் வந்த நாளைச் சொல்கிறேன். 2025ஆம் ஆண்டு நவம்பர் மாதக் கடைசியில் திட்வா என்னும் புயல் நம் தீவைக் கடந்து சென்றபோது, மலையிலே பெய்த மழையெல்லாம் மகாவலியில் இறங்கி, மாவிலாற்று அணைக்கட்டையும் உடைத்துக்கொண்டு எங்கள் பக்கத்துக்கு வந்தது. வயலும் வளவும் ஒரே நீர்ப்பரப்பாய்க் கிடக்க, ஊர்ச்சனம் மேட்டுநிலம் தேடி ஒதுங்கியிருந்த அந்த இரவுகளில் ஒன்றில், பக்கத்திலிருந்த பையன் தன் கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினான். மலையின் விலா ஒன்று முழுதாகச் சரிந்து போயிருக்க, கீழே மண் இல்லாமல், கட்டைகளோடு பிணைந்த தண்டவாளம் மட்டும் ஒரு நூலேணிபோல அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. ‘இது பதுளைக் கோச்சி போற பாதை, சேர்’ என்றான். எங்கள் நெல்லைப் பற்றியும் மாடுகளைப் பற்றியும் அதுவரை விசாரப்பட்டுக்கொண்டிருந்த என் மனம் ஒரு கணம் அங்கே போயிற்று. இனி அந்த வண்டி ஓடாத நாட்களில் விடியற்காலையில் ஊறவைத்த பருப்பை நீங்கள் யாருக்கு அரைப்பீர்கள் என்ற கேள்வி எழுந்தது; எழுந்தது, அடங்கவில்லை.

எங்களுக்கும் உங்களுக்கும் உள்ள உறவு புயலால் வந்ததன்று. அது நீரால் வந்தது. மகாவலியின் நீளம் 335 கிலோமீற்றர் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தவன் நான். ஆயினும் அந்த எண்ணின் பொருளை உங்கள் வண்டியில் இருந்தபோதுதான் உணர்ந்தேன். பேராதனையைத் தாண்டிய பின்னர்க் கம்பளை முதல் நாவலப்பிட்டி வரை பாதை ஆற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே செல்கிறது. அதன்பின் ஆற்றை விட்டு மலையேறுகிறதே யன்றி, பட்டிப்பொல வரை ஆற்றின் ஆட்சியை விட்டு அது வெளியேறுவதில்லை. தலவாக்கலையில் ஜன்னலுக்கு வெளியே விழும் சென்கிளயார் அருவி கொத்மலை ஓயாவின் அருவி. கொத்மலை ஓயா மகாவலியின் பிள்ளை. அம்பேவெலப் புல்வெளியில் மாடுகளின் முதுகை நனைக்கும் தூறலும் சிற்றோடைகளாய்க் கூடி அதே வழியில்தான் இறங்குகிறது. பட்டிப்பொல நிலையத்தில் 6,204 அடி உயரம் என்று பலகை சொல்லும். அதற்கப்பால் ஒரு சுரங்கம் வரும். அதன் இந்தப் பக்கத்தில் மூடுபனியும் அந்தப் பக்கத்தில் வெயிலுமாக இரண்டு காலங்கள் ஒரே நிமிஷத்தில் மாறுவதை நீங்கள் தினமும் காண்கிறீர்கள். அந்தச் சுரங்கத்தின் மேலே நிற்கும் மலைமுகடுதான் நீர்பிரியும் எல்லை. அதைத் தாண்டி ஒஹியவில் விழும் மழை தென்கடலுக்குப் போய்விடுகிறது. பட்டிப்பொலப் பக்கம் விழுகின்ற துளியோ, எத்தனை அணைகளில் தங்கினாலும், எத்தனை வாய்க்கால்களில் பிரிந்தாலும், மிஞ்சியது எங்கள் வெருகல் சித்திரவேலாயுத சுவாமியின் கோயிற்றுறையில் வந்து படியைத் தொடுகிறது. பதுளையில் பிரயாணம் முடியும் இடத்தில் ஓடும் பதுளை ஓயாவுங்கூட மகாவலிக்கே செல்வது. ஆகவே நீங்கள் கைகழுவிய நீரில் நாங்கள் தீர்த்தமாடுகிறோம் என்று சொன்னால், அதை உயர்வாகவே கொள்ளுங்கள். நான் உயர்வாகவே சொல்கிறேன்.

முதன்முதலாக நான் மலையேறியது 1981ஆம் ஆண்டு தை மாதத்தில். பண்டாரவளைக்குச் சமீபத்திலுள்ள ஒரு தோட்டப் பாடசாலைக்கு ஆசிரியனாக நியமனம் கிடைத்திருந்தது. இருபத்திரண்டு வயதுப் பிள்ளை தனியே மலைக்குப் போவதா என்று அம்மாவும் கூடவே புறப்பட்டார். அக்காலத்தில் வெருகல் ஆற்றுக்குப் பாலம் இல்லை, தட்டைப்படகில்தான் கடக்கவேண்டும், அந்தப் படகை எங்கள் பக்கத்தில் ‘பாதை’ என்போம். பாதையேறி, வாகரை, பனிச்சங்கேணி வழியாக வாழைச்சேனைக்கு வந்து, இரவுக் கோச்சி பிடித்து, பொல்காவலைச் சந்தியில் விடியுமுன்னே இறங்கி, பனியில் நடுங்கியபடி மலைவண்டிக்குக் காத்திருந்தோம். அம்மாவின் மடியில் ஒரு பொதி; வாட்டிய வாழையிலையில் சிவப்பரிசிச் சோறு, மரவள்ளிக்கிழங்குக் கறி, எங்கள் களப்பில் பிடித்த இறாலின் பொரியல். நாவலப்பிட்டியில் வண்டி நின்றபோது அம்மா பொதியை அவிழ்த்தார். முந்தின நாள் மத்தியானம் கட்டிய சோறு. இரவெல்லாம் சனநெரிசலின் வெக்கையில் இருந்தது. இலை விரிந்ததும் புளித்த வாடை எழுந்து எதிரே இருந்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மா ஒன்றும் பேசாமல் இலையைத் திரும்ப மடித்தார். உணவை எறிந்து பழகாத கை. அதை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

அப்பொழுது கூடையோடு ஒரு பெண் ஏறினார். முப்பது வயதிருக்கும், தலையில் கம்பளித் துணி, காலில் செருப்பில்லை. ‘வடே, வடே, உளுந்து வடே, பருப்பு வடே’ என்ற குரல் வண்டியின் தடதடப்போடு தாளம் சேர்ந்து வந்தது. ஆறு வடையும் கொஞ்சம் கடலையும் வாங்கிவிட்டு அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து நீட்டியது நூறு ரூபாய்த் தாள். என் ஒரு மாதத்துச் சாப்பாட்டுச் செலவுக்கென்று மாற்றாமல் வைத்திருந்த காசு. அந்தப் பெண் தாளைப் பார்த்தார், மடித்து வைத்த பொதியைப் பார்த்தார். ‘சில்லறை இல்லீங்கம்மா. பசியோட ஒக்காந்திருக்காதீங்க, சாப்புடுங்க. திரும்பி வாரப்போ குடுங்க’ என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார். ‘ஆரெண்டு தெரியாம எப்பிடி மகள் குடுக்கிறது?’ என்று அம்மா கேட்டது அவர் காதில் விழுந்ததோ இல்லையோ.

திரும்பும்போது அம்மா இரவு வண்டியில் வந்தார். அந்தப் பெண்ணைக் காணவில்லை. ஊர் போய்ச் சேர்ந்து எழுதிய முதற் கடிதத்தில் என் சுகம் விசாரிக்குமுன்னே எழுதியிருந்தது, வடைக் காசைக் கொடுத்துவிட்டாயா என்பதுதான். விடுமுறை தோறும் நாவலப்பிட்டியில் தலையை நீட்டித் தேடினேன். நான்காம் மாதத்தில் கண்டேன். விஷயத்தைச் சொல்லிக் காசை நீட்டினேன். அவருக்குச் சிறிதும் நினைவில்லை. இன்னொருவரோடு என்னை மாற்றி நினைக்கிறீர்கள் என்று சங்கடப்பட்டவர், நான் வற்புறுத்தவே வாங்கிக்கொண்டு, அந்தக் காசுக்கும் இரண்டு வடையை அதிகமாக வைத்துவிட்டுப் போனார். எத்தனை பேருக்கு அவ்வாறு கொடுத்திருந்தால் ஒருவரும் நினைவில் நிற்காமற் போவர் என்று அன்று முழுதும் யோசித்தபடியே பண்டாரவளை போய்ச் சேர்ந்தேன்.

இவ்வாறு இரண்டரை ஆண்டுகள் அந்தப் பாதையில் போக்கும் வரவுமாயிருந்த காலத்தில் உங்கள் தொழிலின் நுட்பத்தை ஓரளவு கற்றேன். மலைப்பாதை ஒற்றைத் தடம். மேலே போகும் வண்டியும் கீழே வரும் வண்டியும் ஏதாவதொரு நிலையத்தில் ஒதுங்கி நின்றுதான் ஒன்றையொன்று கடக்க வேண்டும். ஒரு வண்டி தாமதித்தால் கடக்கும் நிலையமும் மாறும். நிலைய அதிபரின் கையிலுள்ள வளையத்தைப் பார்த்தும், தொலைவிலே கேட்கும் ஊதுகுரலைக் கொண்டும், இன்று எந்த நிலையத்தில் இறங்கி எதிர்வண்டியில் ஏறினால் மிச்சக் கூடை விற்றுத் தீரும் என்று நீங்கள் கணிப்பீர்கள். 45 அடி ஓடினால் ஓரடி ஏறும் கடுகண்ணாவைச் சரிவிலே வண்டி மூச்சுவாங்கி நகரும் நேரம் உங்களுக்குச் சந்தை கூடும் நேரம். நாவலப்பிட்டிக்கு மேலே வளைவுகள் நெருங்கி வரும் இடத்தில், ஒரு கையில் கூடையும் மறு கையில் காசுமாக, எதையும் பிடிக்காமல் இடுப்பின் அசைவொன்றால் நின்றபடி சில்லறை எண்ணுவீர்கள். ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் நடுவிலுள்ள சிங்கமலைச் சுரங்கத்தின் இருளில் ஆசனங்களெல்லாம் ஓலமிடும் பொழுதும் உங்கள் குரல் நிற்பதில்லை.

பண்டங்களைப் பற்றி என்ன சொல்வேன்! ஓரம் மொறுமொறுத்து நடுவில் பருப்புத் தெரியும் வடையும், அதன் மேல் முழுதாகப் படுத்திருக்கும் இறாலும், கூடவே பொரித்துப் போட்ட செத்தல் மிளகாயும், உப்புத் தூவிய வெங்காயமும். தேங்காய்ச் சொட்டோடு தாளித்த கடலை. உப்பும் மிளகாய்த்தூளும் விரவிய அன்னாசித் துண்டு. பண்டாரவளைப் பக்கத்தில் துணிப்பையோடு ஏறும் பேரிக்காய். ஒஹியவில் ஒருநாள் மூடுபனிக்குள்ளிருந்து கை மட்டும் தெரிந்து, அந்தக் கையில் ஆவி பறக்கும் பிளேன் ரீ இருந்தது. குடித்தவுடன் தொண்டை வழியே உயிர் திரும்பி வருவதுபோலிருந்தது. கடற்கரையான் ஆகையால் எனக்கு ஒன்று எப்போதும் வியப்பு. கடலைக் காணாத மலையின் உச்சியில் விற்கும் வடையில் இறால் இருக்கிறது. எங்கள் களப்பின் வெப்பத்தில் வளர்ந்த பிராணி உங்கள் குளிரிலே வந்து பசி தீர்க்கிறது. நீர் எங்களிடம் இறங்கி வருகிறது. இறால் உங்களிடம் ஏறிப் போகிறது.

இவையெல்லாவற்றுக்கும் மேலாக ஒன்றைச் சொல்ல வேண்டும். 1982இல் என்று நினைக்கிறேன், அப்புத்தளையில் ஏறிய சிறுவன் ஒருவனிடம் வடை வாங்கினேன். பழைய அப்பியாசக் கொப்பியின் தாளைச் சுருட்டி அதற்குள் போட்டுத் தந்தான். தின்று முடித்துக் கைதுடைக்கத் தாளை விரித்தபோது, எண்ணெய் ஊறிக் கண்ணாடிபோல் ஆகியிருந்த அந்தத் தாளில் இலங்கைப் படம் ஒன்று வரைந்திருந்தது. பென்சிலால் கரை, நீலக் கலரில் மகாவலி. படத்தை வரைந்த பிள்ளை ஆற்றைப் பொலன்னறுவையோடு நிறுத்திவிட்டிருக்க, அங்கிருந்து சிவப்பு மையால் யாரோ அதை நீட்டிக் கொட்டியாரக் குடாவில் கொண்டுபோய்ச் சேர்த்து, தெற்கே ஒரு கிளையைப் பிரித்து, அதன் முனையில் ‘வெருகல்’ என்று எழுதியிருந்தார்கள். அது என் கையெழுத்து. ஆறாம் வகுப்புக் கொப்பிகளைத் திருத்திய இரவில், வேறெந்த ஆசிரியரும் குறிக்காத அந்தச் சிற்றூரின் பெயரை, ஊர்நினைவின் ஏக்கத்தால் பிள்ளைகள் எல்லோருடைய படத்திலும் நான் எழுதியிருந்தேன். அந்தக் கொப்பி வருஷம் முடிந்ததும் கடைக்குப் போய், நிறுத்து விற்கப்பட்டு, ஒரு வடையைச் சுற்றிக்கொண்டு என்னிடமே வந்தது. அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். சட்டையில் ஏற்பட்ட எண்ணெய்க் கறை பல சலவைக்கும் போகவில்லை; தாள் மட்டும் பின்வந்த இடப்பெயர்வுகளில் எங்கோ போய்விட்டது.

1983 ஆடி மாதத்துக்குப் பின் நான் மலைக்கு ஆசிரியனாகத் திரும்பவில்லை. அந்த இனக்கலவர நாட்களில் மலையிலும் பட்டணத்திலும் நடந்தவை உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியவை அல்ல. ஆனால் அந்தப் பாதையின் விருத்தாந்தம் மட்டும் ஆசிரியத் தொழிலின் பழக்கத்தால் மனத்தில் ஓடிக்கொண்டே இருக்கிறது. கோப்பித் துரைமாருக்கு மாட்டுவண்டியின் வேகம் போதாதிருந்தபடியால் இந்த இருப்புப்பாதை பிறந்தது. 1864இல் கொழும்பிலிருந்து அம்பேபுசைக்கு முதல் வண்டி ஓடியது; 1867இல் கண்டி, 1874இல் நாவலப்பிட்டி, 1885இல் நானுஓயா, 1894இல் பண்டாரவளை என்று அங்குலம் அங்குலமாக மலையேறி, அறுபது ஆண்டுகள் கழித்து 1924இல் பதுளையைத் தொட்டது. இதற்கிடையில் 1869இல் தோன்றிய இலைநோயால் கோப்பி அழிந்து, அதன் இடத்தில் தேயிலை வந்துவிட்டது. கோப்பிக்கும் தேயிலைக்கும் மாறாமல் இருந்தவர்கள் உங்கள் முன்னோர். புதுக்கோட்டையிலும் சேலத்திலும் திருச்சிராப்பள்ளியிலும் பஞ்சம் துரத்த, மன்னாரில் கரையிறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து, வழிநெடுக உறவினரைப் புதைத்து வந்தவர்கள். அவர்கள் பறித்த கொழுந்துக்காகவே இந்தப் பாதை மேலே மேலே நீண்டது. 1964ஆம் ஆண்டு சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு என்று எண்ணிவைத்தபோது, அந்த மக்களைத் தலைமன்னார்க் கப்பலுக்கு இறக்கிக் கொண்டுபோனதும் இதே தண்டவாளந்தான். என் வகுப்பிலேயே ஒரு தவணையில் ஐந்து பிள்ளைகளின் பெயரைச் சிவப்பு மையால் கோடிட்டேன். அதைப்போலக் கை நடுங்கிய நாள் என் தொழிலில் வேறில்லை.

உலகத்தில் அழகான மலைப்பாதைகள் வேறும் உண்டு. நீலகிரியில் மேட்டுப்பாளையத்திலிருந்து பற்சக்கரத்தைப் பற்றி ஏறும் வண்டியை நான் ஒருமுறை கண்டேன்; நம்முடையதோ ஐந்தரை அடி அகலப் பாதையாயிருந்தும் பல்லொன்றும் இல்லாமல் சக்கரத்தின் பிடிப்பாலேயே முகட்டைத் தொடுவது. ஆனால் உங்களை எண்ணும்போது என் நினைவுக்கு வருவது ஜப்பான் தேசத்து யொகொகாவா என்னும் சிறு நிலையம். உசுயிக் கணவாயின் அடிவாரத்தில், மலையேற்றத்துக்குத் துணை இயந்திரம் பூட்டுவதற்காக எல்லா வண்டிகளும் அங்கே நின்றாக வேண்டியிருந்தது. அந்தச் சில நிமிஷத்தை நம்பி, 1958 முதல், சிறு மண்சட்டியில் சுடச்சுடச் சோறு சமைத்து மேடையில் விற்றார்கள். வண்டி நகரும்போது விற்றவர்கள் வரிசையாக நின்று தலைகுனிந்து வணங்கி வழியனுப்புவார்களாம். 1997இல் புதிய அதிவேகப் பாதை வந்து கணவாய்ப் பாதை மூடப்பட்டது. ஆயினும் மண்சட்டிச் சோறு நிற்கவில்லை. பெருந்தெருவில் போவோர் அதைத் தேடிச்சென்று வாங்குகிறார்கள். வண்டி நின்ற பின்னும் கை நிற்கவில்லை என்ற இச்செய்தியைத்தான் தண்டவாளம் தொங்கிய படத்தைக் கண்ட இரவில் உங்களுக்குச் சொல்ல வேண்டுமென்று தோன்றியது.

மனத்தில் கிடக்கும் ஒரு கவலையையும் மறைக்காமல் எழுதுகிறேன். கடைசியாக நான் மலையேறியது என் பேத்தியோடு. குளிரூட்டிய பெட்டியில் ஆசனம் கிடைத்தது. ஜன்னல் திறவாது, கண்ணாடிக்கு அப்பால் அருவி ஓசையில்லாமல் விழுந்தது. கடதாசிப் பெட்டியில் அடைத்த சிற்றுண்டி ஆளுக்கொன்று கொடுத்தார்கள். அது எந்த ஊரின் உணவும் அன்று. ஹட்டன் மேடையில் கூடையோடு நின்ற ஒரு முதியவர் எங்கள் கண்ணாடியில் விரலால் தட்டினார். பேத்தி உள்ளிருந்து கையை வைத்தாள். இருவருடைய கைக்கும் நடுவே அந்தக் கண்ணாடி இருந்தது. நான் எழுந்து கதவுக்குப் போவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. மலைப்பாதையை நாடிப் பரதேசத்தார் ஆயிரக்கணக்கில் வருவது நாட்டுக்கு நல்லதே; அவர்களும் ஒன்பது வளைவுப் பாலத்தைக் கண்டு, 1921இலேயே இரும்புத் தூணில்லாமல் கல்லும் செங்கல்லும் சீமெந்துமாக எழுப்பியதை வியந்து போகட்டும். ஆனால் பாதையைச் செப்பனிட்டு, பெட்டிகளைப் புதுப்பித்து, எல்லாம் சீராகிற காலத்தில், உங்களுடைய நடைவழியை யாரும் சுருக்கிவிடாதிருக்க வேண்டும். வடைக் கூடை ஏறாத மலைக்கோச்சியில் என் பேத்தி காணப்போவது படம், பிரயாணம் ஆகாது. இதை உரியவர்களிடம் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. கேட்பீர்களாயின் பக்கத்தில் நின்று கையொப்பமிட வெருகலில் ஒருவன் இருக்கிறான் என்பதை நினைவில் வையுங்கள்.

இனி ஒரு வேண்டுகோள். ஆவணி மாதத்தில் எங்கள் சித்திரவேலாயுத சுவாமிக்குப் பெருவிழா. முடிவில் ஆற்றிலே தீர்த்தம். அதற்கு உங்களில் இயன்றவர்கள் குடும்பத்தோடு வரவேண்டும். பொல்காவலையில் மட்டக்களப்பு வண்டி பிடித்து வாழைச்சேனையில் இறங்குங்கள். அங்கிருந்து திருகோணமலைப் பஸ் வாகரை வழியாக வரும். பாதைப்படகுக்குக் காத்திருக்கும் சிரமம் இன்று இல்லை, பாலம் இருக்கிறது, பாலத்தின் மேல் வரும்போது இடப்பக்கம் பாருங்கள், நீர் எந்தத் திசையிலிருந்து வருகிறதென்று தெரியும். வாழைச்சேனையில் கூடையை இறக்கி வைத்துவிட்டு வெறுங்கையோடு வாருங்கள். அந்த நாட்களில் நீங்கள் எதையும் விற்கவோ சமைக்கவோ கூடாது. கோயில் மடத்திலே சோறு இருக்கும். மண்சட்டியில் உறைந்த எருமைத்தயிர் இருக்கும். எங்கள் சேனையில் விளைந்த சோளனை அவித்துத் தருவோம். சில்லறை இல்லையென்றால், திரும்பி வரும்போது தரலாம்.

இங்ஙனம்,
வெருகற்கரையிலிருந்து,
உங்கள் பழைய பிரயாணி ஒருவன்